வேப்பிலை கட்டிய கார்

"7.9.2003, ஞாயிறு. திண்டிவனம், திருமண மண்டபம். வண்டி நின்ற நேரம்: காலை 9.10 முதல் 11.45 வரை. சேதம்: இல்லை."

என் வண்டிக் குறிப்பேட்டின் பதினான்காம் பக்கத்தில், என் கையெழுத்தில், நீல மையில் இப்படி இருக்கிறது. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அன்று வண்டியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சேதம் ஏற்பட்டது. என் தங்கையின் நிச்சயதார்த்தம், அம்மாவின் ரத்த அழுத்தம், எண்பது பேருக்கு வைத்த சாம்பார் ஆகியவை அதில் அடக்கம். அவற்றை எழுதக் குறிப்பேட்டில் கட்டம் இல்லாததால் எழுதவில்லை.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் எழுத்தர். அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு கருநீலச் சிறிய காரைப் பழையதாக வாங்கியிருந்தேன். முன்பு அதை வைத்திருந்தவர் ஒரு பல் மருத்துவர். வண்டியில் ஒரு கீறல் இல்லை. (பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மருத்துவர் கொஞ்சம் சங்கடப்பட்டார்.) நான் விற்கும் நாளிலும் அது அப்படியே இருக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தேன்.

வண்டிக்கு ஆபத்து சாலையில் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. ஓடும் வண்டியை யாரும் தொடுவதில்லை. நிறுத்திவிட்டுப் போன வண்டியைத்தான் ஊரே தொடுகிறது. பக்கக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பித் தலை வாருகிறவர், கதவில் சாய்ந்து இடுப்புச் சாவிக்கொத்தோடு அரசியல் பேசுகிறவர், காய்கறிப் பையை வைத்து இளைப்பாறுகிறவர், இயந்திரச் சூட்டுக்காக முன்மூடியில் ஏறிப் படுக்கும் ஆடு என்று ஏப்ரல் மாதத்தில் மட்டும் பதினொரு பதிவுகள். துணி உறை வாங்கிப் போர்த்தினேன். திரும்பி வந்தபோது ஒருவர் அதன்மேல் முழு உடம்பையும் சாய்த்துத் தினசரி படித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "உள்ளாற வண்டியா இருக்குது? நான் ஏதோ மூட்டைன்னு சாஞ்சிக்கினேன் சார்," என்றார்.

மே மாதம் எங்கள் எதிர்வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை இறங்கியது. வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினார்கள். அதன் பிறகு பால்காரர் பாலைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போனார். பூக்காரம்மா எதிர்ச் சாரியில் நடந்தார். வழக்கமாக அந்த வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று பேசும் நான்கு பேர் வேறு சுவர் தேடிக்கொண்டார்கள். என் இடத்தில் ஒரு நல்ல மனிதன் இருந்திருந்தால் உள்ளே படுத்திருந்த பிள்ளைக்காக வருந்தியிருப்பான். நான் அந்தச் சுவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அடுத்த மாதமே சோதனையைத் தொடங்கினேன். முன்னும் பின்னும் ஒவ்வொரு கொத்து, இரு பக்கக் கண்ணாடிகளிலும் மஞ்சள் துணியில் முடிந்து ஒவ்வொரு கொத்து. ஜூன் 14, காய்கறி மார்க்கெட்: இரண்டு மணி நேரம், சேதம் இல்லை. ஜூன் 22, பேருந்து நிலையம் எதிரில்: சேதம் இல்லை. ஜூலை 6, ஒரு காதுகுத்து விழா: சேதம் இல்லை. வண்டியைச் சுற்றி நான்கடிக்கு ஆளே வரவில்லை. முன்மூடியில் யாரோ ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அதைச் சேதமாக நான் கருதவில்லை. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. வேப்பிலை பின்பெட்டியில் ஈரத் துணி சுற்றி இருக்கும்.

இந்த இடத்தில் என் தங்கை சுமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கு வரன் பார்ப்பது என் பொறுப்பு. இரண்டு இடங்கள் பேசி முறிந்துபோயிருந்தன. மூன்றாவதாக வந்தவர் திண்டிவனத்துக் கருணாகரன். விவசாயம், கூடவே ஒரு மோட்டார் ரிப்பேர்க் கடை. போட்டோவைப் பார்த்த சுமதி, இருபத்தாறு வயதில் முதன்முறையாகத் தானே வாய் திறந்து, "இவரே இருக்கட்டும்ணா. நீ எதையும் சொதப்பாம இருந்தா போதும்," என்றாள். எங்கள் வீடு சின்னது என்பதால், மாப்பிள்ளையின் சொந்தக்காரர் மண்டபத்திலேயே நிச்சயதார்த்தம் என்று பேச்சு.

அன்று காலை அம்மாவையும் சுமதியையும் மண்டப வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை உள்ளே புங்கமரத்தடியில் நிறுத்தினேன். சுற்றிலும் இருபது இருசக்கர வண்டிகள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கையில் குச்சியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. நான்கு கொத்தையும் கட்டினேன்.

மண்டபத்துக் காவலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். "யாருக்கு சார்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"பொதுவா கட்டினதுங்க," என்றேன்.

(பொதுவாக! உலகத்தில் எத்தனையோ பதில்கள் இருக்கின்றன.)

மணப்பெண் அந்த வண்டியிலிருந்து இறங்கியதை அவர் ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் பார்த்திருந்தார். தலையை ஆட்டிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் சமையல்காரர் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, சாம்பாரத் தாளிக்கலாமா, வாணாமா? பொண்ணு வூட்டுக்காரரு, நீங்கதான் சொல்லணும்."

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. மாப்பிள்ளை ஊர்க்காரர்கள் எவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள், தாளிப்பதற்குக்கூட அனுமதி கேட்கிறார்களே என்று நெகிழ்ந்து, "உங்க இஷ்டங்க," என்றேன். அவர் போய் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டார்.

உள்ளே தட்டு வரிசை பரப்பியாயிற்று. சுமதி பாயில் உட்கார்ந்திருந்தாள். முதலில் அவளுக்கு இடப்பக்கம் இருந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். பிறகு வலப்பக்கம். சற்று நேரத்தில் என் தங்கையைச் சுற்றி நான்கடிக்கு ஆளே இல்லை. அந்த நான்கடியை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை ராஜாமணி அம்மாள் எழுந்து வந்தார். அவர் சொன்னால் அந்தக் குடும்பத்தில் மழையும் நிற்கும் என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார். நேராக என் அம்மாவிடம் போனார்.

"இன்னாம்மா இது? ஒடம்புல ஆத்தா எறங்கியிருக்கற பொண்ண இம்மாந்தூரம் இட்டுக்கினு வரலாமா? எத்தினி நாளாச்சி? தண்ணி ஊத்திட்டீங்களா, இல்லியா?"

அம்மா திகைத்துப்போனார். "யாருக்குங்க? எங்க பொண்ணுக்கா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்களே!"

அத்தை குனிந்து சுமதியின் முகத்தை உற்றுப் பார்த்தார். விதி, கன்னத்தில் பவுடரை மீறி இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"அப்ப இது இன்னாது?"

"பருங்க அத்தை," என்றாள் சுமதி.

"பருன்னா ரெண்டே ரெண்டுதான் வருமா? மறைக்காத கண்ணு. ஆத்தா வர்றது தப்பில்ல. மறைக்கறதுதான் தப்பு."

நிச்சயப் பத்திரிகை வாசிக்க வந்திருந்த அய்யர் அதை மடித்துப் பையில் வைத்தார். அம்மாவின் கண் என்னைத் தேடியது. அப்போதுதான் எனக்கு அந்த நான்கடி நினைவுக்கு வந்தது.

எழுந்து நின்றேன். "அது வண்டிக்குங்க," என்றேன்.

"வண்டிக்கா? வண்டிக்கு இன்னா?"

"வண்டிக்குக் கட்டின வேப்பிலைங்க. பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. யாரும் வண்டியத் தொட்டுக் கீறல் போடக் கூடாதுன்னு..."

 இதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஆதாரம் இல்லாமல் சொன்னால் நம்பமாட்டார்களே என்று சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, சோதனை விவரங்களைச் சபைக்குப் படித்துக் காட்டினேன். காய்கறி மார்க்கெட், பேருந்து நிலையம், காதுகுத்து.

"அண்ணா," என்றாள் சுமதி, தலையை நிமிர்த்தாமலே. "உக்காரு."

கூட்டத்தில் ஒரே ஒருவர் சிரித்தார். அது மாப்பிள்ளை. "ஒண்ணுல கூடச் சேதம் இல்லியா மச்சான்?" என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"இல்லீங்க."

"ஜோருதான்."

"டேய், நீ வாய மூடு!" என்று அவரை அடக்கிவிட்டு அத்தை என் பக்கம் திரும்பினார். "தம்பி, படிச்சவருதான நீங்க? ஆத்தா பேரச் சொல்லி ஊர ஏமாத்தி, ஒரு தகர டப்பாவுக்குக் காவலு வெச்சிருக்கீங்க. இன்னா பேஜாருப்பா இது! பொண்ணுக்கு அம்மையின்னாக்கூடப் பத்து நாள் பொறுத்து நிச்சயம் பண்ணியிருப்பேன். இது அதவிட மோசம்."

அவருடைய தீர்ப்பு இது: வரும் அமாவாசைக்கு அதே வண்டியில் இரண்டு வீட்டுப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு நான் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வண்டியில் ஓர் இலைகூடக் கட்டக் கூடாது. அதன் பிறகும் மனசு ஒப்பினால் நிச்சயத்தைப் பற்றிப் பேசலாம்.

அன்றே விழுப்புரம் திரும்பினோம். மயிலம் தாண்டியதும் பின்னிருக்கையிலிருந்து சுமதி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "வண்டிய ஜாக்கிரதையா ஓட்டுண்ணா."

வரும் அமாவாசை செப்டம்பர் 25. மகாளய அமாவாசை. சாதாரண அமாவாசைக்கே அங்கே கால் வைக்க இடம் இருக்காது. செஞ்சி தாண்டியதிலிருந்தே டிராக்டர்களும் வேன்களும் வரிசை கட்டின. கருணாகரன் பைக்கில் பின்னால் வந்தார். அறுவடை முடிந்த ஒரு வயலில் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். இடப்பக்கம் ஒரு டிராக்டர், பின்னால் ஒரு மாட்டுவண்டி, எதிரே பூசணிக்காய்க் குவியல். கட்டிய ஆடுகள், கட்டாத ஆடுகள். என் கால் வண்டியை விட்டு நகரவில்லை.

"இன்னா தம்பி, வரீங்களா, இல்ல ஆத்தாவ இங்க வரச் சொல்லட்டுமா?" என்றார் அத்தை.

"நீங்க போங்க மச்சான், நான் பாத்துக்கறேன்," என்றார் கருணாகரன்.

"ஒருத்தர் போதாதுங்க மாப்பிள்ளை. நாலு பக்கம் இருக்குது," என்றேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "சுமதி, நீயும் நில்லும்மா. நீங்க ரெண்டு பேரும் அப்புறமா கும்புட்டுக்கலாம். இந்த மனுசன் நிம்மதியா வந்து மன்னிப்புக் கேக்கட்டும்," என்றார்.

மாப்பிள்ளைக்கு முன்பக்கமும் வலப்பக்கமும், சுமதிக்குப் பின்பக்கமும் இடப்பக்கமும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். இரண்டு மணி நாற்பது நிமிடம். ஆத்தாளிடம் என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதில் பாதி வண்டியைப் பற்றியது.

திரும்பி வந்தபோது இருவரும் வலப்பக்கத்திலேயே இருந்தார்கள். நிழல் அங்கேதான் இருந்தது. பைக்கும் அங்கேதான் நின்றது. என் தங்கை அதன்மேல் உட்கார்ந்து அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடி தின்றுகொண்டு எதையோ சொல்ல, அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. (நான் இருக்கும்போது அவள் சிரிப்பதற்கு அதிகக் காரணம் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

"காவலு பலமாத்தான் இருக்குது," என்றார் அத்தை.

நான் வண்டியின் இடப்பக்கம் போனேன். பின்கதவின் நட்டநடுவில் ஒரு பள்ளம். அரைத் தேங்காய் மூடி அளவு. "ஐயோ!" என்று நான் கத்தியதைக் கேட்டு, பூசணிக்காய் விற்றவர் தன்னுடையது ஏதோ உடைந்துவிட்டதாக நினைத்து ஓடி வந்தார்.

அத்தை குனிந்து பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். "ஆத்தா கணக்குத் தீத்துட்டா. இனிமே ஒண்ணுமில்ல. ஐப்பசியில நல்ல நாளு பாருங்க," என்றார்.

ஐப்பசியில் நிச்சயம், தையில் கல்யாணம். சாம்பார் முறைப்படி தாளிக்கப்பட்டது. அன்றிலிருந்து எங்கள் இரு வீட்டிலும் யார் எது புதிதாக வாங்கினாலும் முதல் கேள்வி, "வேப்பல கட்டியாச்சா?" என்பதுதான். குளிர்பெட்டி, கைபேசி எதையும் விட்டதில்லை. 2006-இல் மருத்துவமனையில், பிறந்த மருமகளைக் கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள் என்று நான் சொன்னபோது, பிள்ளை பெற்ற களைப்பிலும் சுமதி, "கொத்து கொண்டாந்துக்கிறயாண்ணா?" என்று கேட்டாள்.

பள்ளத்தை நான் சரிசெய்யவில்லை. அத்தை கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் அது எப்படி விழுந்தது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 2009 பொங்கலன்று, மாப்பிள்ளைக்குக் காவல் காக்கத் தெரியாது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். சுமதி என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அவர ஒண்ணும் சொல்லாதண்ணா. தண்ணி பாட்டில் எடுக்கக் கதவத் தொறந்தேன், டிராக்டர்ல இடிச்சிடுச்சி. நான்தான். அவருக்குத் தெரியாது, சொல்லிடாத."

2012-இல் ஒரு விருந்தில், சில பேர் கதவைத் திறக்கும்போது பக்கத்தில் பார்ப்பதே இல்லை என்று யார் பெயரையும் சொல்லாமல் குறிப்பிட்டேன். சாப்பிட்டுக் கைகழுவும் இடத்தில் கருணாகரன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், சுமதிய நெனச்சிக்கினு பேசாதீங்க. என் பைக்கு சாஞ்சி ஹேண்டில்பார் இடிச்சிடுச்சி. நான்தான் பயந்துகினு சொல்லல. அவளுக்குத் தெரிய வாணாம்."

திறக்கும் கதவு எதன்மீதாவது இடித்தால் அதன் விளிம்புதான் இடிக்கும், நடுப்பகுதி இடிக்காது. மாப்பிள்ளையின் பைக் அன்று முழுக்க வண்டியின் வலப்பக்கம் நின்றது. அதன்மேல் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். பள்ளம் விழுந்தது இடப்பக்கம். ஆகவே இருவர் சொன்னதும் உண்மையில்லை. இதை நான் இருவரிடமும் சொல்லவில்லை. 2014-இல் வண்டியைப் பள்ளத்தோடு விற்றுவிட்டேன். அதை ஏற்படுத்தியது யார் என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.