பெயிண்ட் படாத ஆம்புலன்ஸ்

மனிதன் மலை தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அவனுக்கு ஒரு வண்டி வேண்டும். வண்டி போக வேண்டுமென்றால் அதற்குக் கியர் பாக்ஸ் வேண்டும். இந்த இரண்டு உண்மைகளையும் ஆழ்ந்து பரிசீலித்து ஊருக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாங்க எங்கள் தாலா அஸ்ரு ஊராட்சி ஒரு குழுவை அமைத்தது. பெயர்: பழைய டீசல் வாகனத்தின் கியர் பாக்ஸ் நம்பகத்தன்மையை எடைபோடும் உயர்நிலைக் குழு.

தலைவர் மெஸியான் அதற்கும் தலைவர். செயலாளர் தஹ்மான் அதற்கும் செயலாளர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆகவே பாரபட்சம் இருக்காது என்று சேர்த்தார்கள். மூன்றாவது ஆள் நான், அக்லி. என் மனைவி மல்ஹா நிறைமாதம். கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் பிரசவ ஆஸ்பத்திரி, இந்தப் பக்கம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதனால் என்னைப் ‘பயனாளிகள் பிரதிநிதி’ ஆக்கினார்கள். பயனாளி அவள், பிரதிநிதி நான்.

வெள்ளிக்கிழமை சமவெளியில் கூடும் கார் சந்தைக்குப் போனோம். எங்கள் ஜனம் கார் வாங்குகிற அழகைப் பார்க்க வேண்டும். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, பக்கவாட்டில் நீளமாகப் பார்ப்பார்கள். விரல் முட்டியால் கதவைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். மறுபடி பெயிண்ட் அடித்த இடம், எங்கள் பாஷையில் வெறும் ‘பெயிண்ட்’, ஒன்று அகப்பட்டால் போதும், அந்த வண்டிக்கு மானம் போயிற்று. பெண் பார்க்கப் போனாலும் இவ்வளவு நோண்ட மாட்டோம்.

முதலில் ஒரு நீளமான பழைய டீசல் வண்டி. நான் உட்கார்ந்து ஓட்டினேன். பின்னால் தலைவர், அவரே ரெண்டு நோயாளி கனம் இருப்பார். செங்குத்து மேடு. கியர் சுண்டுவிரலுக்கு விழுந்தது. முனகல் கிடையாது, உதறல் கிடையாது. அல்லா அனுப்பிய வண்டி இதுதான் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

தஹ்மான் பின்கதவைத் தட்டினார். முகம் சுருங்கியது.

“தலைவரே, இங்க சத்தம் வேற மாதிரி வருதே.”

தலைவரும் தட்டினார். “அட, ஆமாய்யா! பெயிண்ட்!”

“ஐயோ, கதவுல பெயிண்ட் அடிச்சா என்ன தலைவரே? கியர் சுண்டுவிரலுக்கு விழுதே!” என்றேன்.

“அக்லி, நீ சின்னப்புள்ள மாதிரி பேசாத. கியர் உள்ள கிடக்குது, எவன் பாக்கப் போறான்? கதவை ஊரே பாக்கும்.”

அடுத்தது ஒரு வெள்ளை வண்டி. பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி நின்றது. விற்கிறவனும் அப்படித்தான் நின்றான். எங்கள் சந்தையில் விலை சொல்லும் வழக்கமில்லை. முன்னால் வந்தவன் என்ன கொடுப்பதாகச் சொன்னான் என்றுதான் கேட்க வேண்டும்.

“எவ்வளவு கொடுத்தாங்க தம்பி?” என்றார் தலைவர்.

“கொடுத்தாங்க ஹாஜி. நான்தான் வண்டியக் கொடுக்கல.”

“அதான் எவ்வளவு?”

“நல்லாவே கொடுத்தாங்க. தட்டிப் பாருங்க ஹாஜி, அல்லா மேல ஆணை, தொழிற்சாலையில அடிச்ச பெயிண்ட்தான். எங்கப்பா பெருநாளுக்குப் பெருநாள்தான் வெளிய எடுப்பாரு.”

நான் ஓட்டினேன். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போட்டதும் அடியில் யாரோ சட்டி பானை உருட்டுகிற சத்தம்.

“கேட்டீங்களா? கியர் விழ மாட்டேங்குது!”

தஹ்மான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விழாத கியர் தேயாத கியர். முந்தின வண்டியில சுண்டுவிரலுக்கு விழுந்துச்சுன்னு நீயேதானே சொன்ன? எத்தனை ஆயிரம் தடவ விழுந்து பழகியிருந்தா அப்படி விழும்? அதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சு. இது இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

குழு ஒருமனதாக வாங்கியது. நான் எதிர்த்ததை ‘உணர்ச்சிவசப்பட்ட ஆதரவு’ என்று குறித்துக்கொண்டார்கள். வாகனப் பரிசோதனை நிலையத்து அதிகாரி தீயணைப்பான் இருக்கிறதா, முக்கோணப் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். கியர் பாக்ஸையும் கொஞ்சம் பாருங்கள் என்றேன். “ஏன், கியர் பாக்ஸ்ல தீப்பிடிச்சிருக்கா?” என்று கேட்டார்.

மலைப்பாதையில் முதல் வளைவில் மேல் கியர்கள் மூன்றும் போயின. அடுத்த வளைவில் இரண்டாவது. மைல் கல்லைத் தாண்டும் முன்பே முதலாவதும், வண்டியை ஒருமுறை திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிவிட்டது. மிஞ்சியது ரிவர்ஸ் ஒன்றுதான். அது மட்டும் சிங்கம் போல் இழுத்தது. கழுத்தைத் திருப்பிக்கொண்டே மலை முழுக்கப் பின்பக்கமாக ஏறினேன்.

ஊர் எல்லையில் பெண்கள் குலவையிட்டார்கள். வண்டி பிருஷ்டத்தைக் காட்டிக்கொண்டு வருவதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. ஓடி வந்து தட்டினார்கள்.

“டங்குனு கேக்குது! ஒரு பொட்டு பெயிண்ட் இல்ல!”

“தலைவர் வாழ்க!”

மறுநாள் உத்தரவு வந்தது: ஆம்புலன்ஸ் மறு அறிவிப்பு வரை பின்னோக்கு முறையில் இயங்கும். தஹ்மான் எங்கள் வீட்டுக்கே வந்து மல்ஹாவுக்கு விளக்கினார்.

“பயப்படாதம்மா. நோயாளி தலையைப் பின்பக்கம் வச்சுத்தானே படுப்பாங்க? அப்ப வண்டி பின்னாடி போனா நீ தலை முன்னாடிதான் போற. அறிவியல்படி பாத்தா இதுதான் சரி.”

“அப்ப நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போவேன், இவரு வீட்டுப் பக்கமா பாத்துக்கிட்டு இருப்பாரா?” என்றாள் மல்ஹா.

செயலாளர் அதையும் பரிசீலிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வலி எடுத்தது. போர்த்திப் படுக்க வைத்து, ரிவர்ஸைப் போட்டுக் கிளம்பினேன். கணவாயில் பனி, கழுத்தில் சுளுக்கு, பின்னால் அவள் அலறல். என்னைத் திட்டினாள், என் அப்பனைத் திட்டினாள், குழுவில் ஒருத்தரை விடவில்லை. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று வாய்விட்டே அழுதேன். எப்படியோ ஆஸ்பத்திரி வாசலை அடைந்தோம்.

காவலாளி கதவைத் திறக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தான்.

“டிஸ்சார்ஜ் சீட்டு எங்க?”

“என்ன டிஸ்சார்ஜ்? இப்பத்தான்யா வர்றோம்! பிரசவம்!”

“வண்டி மூஞ்சி வெளிய பாத்து நிக்குது. வெளிய பாத்து நிக்கிறது வெளிய போற வண்டி. சீட்டு இல்லாம வெளிய விட மாட்டேன்.”

“நாங்க உள்ளயே வரலயேப்பா!”

“உள்ள வராம எப்படி வெளிய போவீங்க? அதான் கேக்கிறேன்.”

“சரி, திற, உள்ள போறோம்!”

“உள்ள போற வண்டின்னா திருப்பிக் கொண்டுவா. எனக்கு மேல அதிகாரி இருக்காரு.”

திருப்புவதற்கு முன்கியர் வேண்டும். அதைச் சொன்னேன். கெட்டுப்போன வண்டிக்குப் பின்வாசல் என்றான். அதற்குள் வண்டிக்குள்ளேயிருந்து வேறொரு அலறல், சின்னதாக, புதிதாகக் கேட்டது. அதைக் கேட்டுத்தான் தாதிகள் ஓடி வந்தார்கள். பயந்துபோன காவலாளி படாரென்று இரும்புக் கதவைத் திறந்தான். அது வண்டியின் பின்கதவில் கீறிக்கொண்டு போனது. பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள். அந்த விடியலில் நான் தரையில் விழுந்து தொழுதேன்.

இதற்கெல்லாம் ஊர் வாய் திறக்கவில்லை. தலைவருக்குத்தான் மனசு உறுத்தியது. அவரைப் பற்றி நல்லதையும் சொல்ல வேண்டுமே. வண்டியைப் பட்டணத்துக்கு அனுப்பி கியர் பாக்ஸைப் புதிதாகப் பொருத்தினார். கூடவே கீறல் விழுந்த பின்கதவுக்குக் கொஞ்சம் பெயிண்டும் அடித்துக் கொண்டுவந்தார். வண்டி மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு, ஐந்து கியரிலும், ஊருக்குள் வந்து நின்றது.

யாரோ தட்டினார்கள்.

அரைமணி நேரத்தில் ஜனம் திரண்டு, தலைவரை உள்ளே வைத்தே ஊராட்சி அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று. எங்களை ஏமாற்றிவிட்டார்கள், எங்கள் ஆம்புலன்ஸைப் பாழாக்கிவிட்டார்கள் என்று ஒரே கூச்சல். முன்வரிசையில் கையில் குழந்தையோடு மல்ஹா.

“கியரைச் சரி பண்ணியாச்சேம்மா, இனி நேரா போகும்!” என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சினார் தலைவர்.

“போனா போகட்டும், எனக்கென்ன! பெயிண்ட் அடிச்ச வண்டியில நான் ஏற மாட்டேன்!” என்றாள் மல்ஹா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பயனாளிகள் பிரதிநிதி ஆயிற்றே, ஏதாவது சொல்ல வேண்டும். வண்டியின் பக்கத்தில் போய், குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். என்னதான் சொல்லுங்கள், அவள் கேட்பது நியாயம்தான். நாளைக்கு விற்கப் போனால் இதை எவன் வாங்குவான்?