பணிவாகக் காத்திருந்த புரோகிராம்

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு புரோகிராமுக்கு மரியாதை கற்றுக்கொடுக்க வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள். பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சி மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆபீஸில் மற்ற எல்லோருக்கும் என் மகன் வயது. எனக்கு மகன் இல்லை என்பதால் இதை உத்தேசமாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் பிழைப்பு இது. ஒரு எலெக்ட்ரானிக் போர்டில் எந்தச் சிப் எங்கே இருக்கிறது, எது எதோடு பேசும் என்பதையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதிவைப்போம். அந்த ஃபைலைக் கையாள நாலு குட்டிக் கருவிகள். படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் ஓடும். ஒன்று ஃபைலை போர்டுக்குப் புரியும்படி மாற்றும். இன்னொன்று மாற்றியதைத் திரும்ப வாசித்துக் காட்டும். மற்ற இரண்டும் திருத்துகிற வேலை.

நாலுக்கும் பொதுவான சில்லறை வேலைகள் உண்டு. ஃபைலைத் திறப்பது, மெமரி கேட்டு வாங்குவது, தப்பு நடந்தால் கத்திவிட்டு உயிரை விடுவது. இவற்றை ஒரே இடத்தில் எழுதி, நாலும் அங்கே வந்து எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். ஒக்கலிபுரத்தில் நான் குடியிருந்த இடத்திலும் நாலு வீட்டுக்கு ஒரே குழாய்தான். ஒருவர் குழாயில் கை வைத்தால் நாலு வீட்டுக்கும் தெரியும்.

தெரியும் என்று எனக்கும் தெரியும். இருந்தும் கை வைத்தேன்.

காரணம், பீன்யாவில் இருந்து வந்த போன். எங்கள் போர்டுகளைத் தயாரிக்கும் தொழிற்சாலை அங்கே. மேனேஜர் நாகராஜப்பாதான் பேசினார்.

"ஏனு மேடம், என்ன இது, உங்க புரோகிராம் எங்க ஆளுங்களைத் திட்டுது!"

"திட்டுதா சார்?"

"ஃபைல் பேர் போட மறந்தா, பெரிய பெரிய எழுத்துல ஃபேட்டல்னு கத்துது. நேத்து ஒருத்தர் பயந்துபோய் மெயின் ஸ்விட்சையே ஆஃப் பண்ணிட்டார். மொத்த ஷெட்டும் இருட்டு! கொஞ்சம் மரியாதையா பேசச் சொல்லுங்க மேடம்."

நியாயம்தானே! எனக்கும் அந்தச் சொல் பிடித்ததே இல்லை. காதில் விழும்போதே தகரம் உரசும்.

உட்கார்ந்தேன். 'ஃபேட்டல்' இருந்த இடத்திலெல்லாம் 'கைண்ட்லி செக்' என்று மாற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். ஃபைல் பெயர் தரவில்லை என்றால் எதற்காகக் கத்த வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. வாசித்துக் காட்டும் கருவிக்கு ஏற்கெனவே ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பெயர் தராவிட்டால், கீபோர்டில் தட்டுவதையே ஃபைலாக எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும். அந்தப் பழக்கத்தைப் பொது இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். நாலும் நல்ல பிள்ளைகள் ஆகிவிட்டன.

பெயர் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. பெயர் கொடுக்காமல் ஓட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கா மறக்கும்?

மறுநாள் காலை, மாற்றிய கருவிகளை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து பீன்யா போனேன்.

வாசலிலேயே முருகேசன் நின்றிருந்தார். திருப்பத்தூர்க்காரர். அந்த வாரம்தான் அவரை லைன் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள், பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்ற கணக்கில்.

"அக்கா, இன்னிக்குப் புது போர்டு. மொத போர்டு எழுந்துக்கலைன்னா லைனைப் பக்கத்து ஷெட்டுக்குக் குடுத்துடுவேன்னு சார் சொல்லிட்டார். நான் மறுபடியும் சால்டரிங் மேஜைக்குத்தான். வீட்டுல வேற சொல்லிட்டேன், சூப்பர்வைசர்னு. மாமியார் ஸ்வீட்டே குடுத்துட்டாங்க தெரு முழுக்க!"

"கவலைப்படாதீங்க முருகேசன். கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

உள்ளே பழைய கம்ப்யூட்டர் ஒன்று. சுற்றிலும் லைன் ஆட்கள். நான் கட்டளையைத் தட்ட ஆரம்பித்தேன். பாதியில் நாகராஜப்பா குனிந்து கேட்டார்.

"மேடம், காஃபியா, டீயா?"

"காஃபி சார்" என்றேன். என்டரை அழுத்தினேன்.

ஃபைல் பெயரைத் தட்டவில்லை. காஃபி என்று சொன்னதும் தட்டவேண்டியதைத் தட்டி முடித்துவிட்ட நிம்மதி வந்துவிட்டது.

திரையில் ஒன்றும் வரவில்லை. கர்சர் மட்டும் கண் சிமிட்டியது.

காஃபி வந்தது. குடித்தேன். கர்சர் சிமிட்டியது.

"ஆய்த்தா மேடம்? முடிஞ்சுதா?"

"ஓடிட்டு இருக்கு சார். பழைய மெஷின் இல்லையா, மெதுவாத்தான் வரும்."

இதுவரை தப்பில்லை. நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் சும்மா இருக்க முடியாத வாய்!

"இப்ப ஒவ்வொரு சிப்பா சரிபார்க்குது" என்றேன்.

முருகேசன் திரும்பி ஆட்களிடம் சொன்னார். "ஒவ்வொரு சிப்பா பார்க்குதாம். ஒண்ணையும் விடாதாம்!"

எல்லோரும் திரையை மரியாதையோடு பார்த்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனது.

"இப்ப?"

"இப்ப... மெமரி விலாசங்களை ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பார்க்குது."

"விலாசம் பார்க்குதாம்!" என்றார் முருகேசன். "யாரும் மேஜையை ஆட்டாதீங்கப்பா!"

ஒருவர் மேஜையிலிருந்து கையை எடுத்தார். இன்னொருவர், காற்று பட்டால் ஏதாவது ஆகுமோ என்று ஃபேனை நிறுத்தினார். நான் தடுத்திருக்கலாம். ஆனால் ஒரு மேடமாகப் பார்க்கப்பட்டு வெகுநாளாகியிருந்தது. சும்மா இருந்துவிட்டேன்.

ஃபேன் நின்ற ஷெட்டில் எல்லோருக்கும் வியர்த்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. ஏதாவது தப்பா என்று ஒருவராவது கேட்டிருந்தால் என் மூளை விழித்திருக்கும். படித்த மேடத்தை எப்படிக் கேட்பது? அவர்கள் எனக்காகப் பொறுத்தார்கள். நான் புரோகிராமுக்காகப் பொறுத்தேன். புரோகிராம், நான் கற்றுக்கொடுத்த மரியாதையோடு, எங்களுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

நாகராஜப்பா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்து ஷெட் பக்கம் பார்த்தார். முருகேசன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

அப்பாடா, கேட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"எலுமிச்சம்பழம் வெச்சிடலாமா? புது மெஷின் வந்தா நாங்க வெப்போம். இன்னிக்கு நீங்க வந்த அவசரத்துல வெக்கல. அதான் கோவிச்சுக்குச்சோ என்னமோ."

என்னத்தைச் சொல்வது! கல்லூரியில் கணிதம் படித்தவள். பரவாயில்லை, வையுங்கள் என்றேன். அந்த நேரத்தில் என்னிடமும் அதைவிட நல்ல யோசனை இல்லை.

நல்ல கனமான பழம். குங்குமம் தடவி, மானிட்டர் தலைமேல் வைத்தார். எல்லோரும் கும்பிட்டார்கள். நான்கூட லேசாக.

அந்தக் காலத்து மானிட்டருக்குத் தலை சரிவு. பழம் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு முன்பக்கமாக உருண்டு, தொப்பென்று கீபோர்டில் விழுந்து, மானிட்டருக்கும் எண் வரிசைக்கும் நடுவே சிக்கி உட்கார்ந்துகொண்டது.

திரையில் 7 வந்தது. அப்புறம் இன்னொரு 7. அப்புறம் வரி முழுக்க ஏழு ஏழு ஏழு!

"வந்துருச்சு! வந்துருச்சு!" ஷெட்டே கத்தியது. கை தட்டினார்கள்.

"நோடி மேடம், பாருங்க! எல்லாம் ஏழு! ஒள்ளே நம்பர், நல்ல நம்பர்!" என்றார் நாகராஜப்பா.

நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். பழம் தட்டுவது அப்படியே திரையில் விழுகிறது! அப்படியென்றால் இது இத்தனை நேரம் வேலையே செய்யவில்லை. யாராவது ஏதாவது தட்டுவார்களா என்று காத்திருந்திருக்கிறது. எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டு, கடைசியில் ஒரு எலுமிச்சம்பழம்தான் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது.

வீட்டில் தனியாக இருக்கும் எனக்கு அந்தக் கர்சரைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

மெதுவாகப் பழத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என்டரைத் தட்டி, 'தட்டி முடித்தாயிற்று' என்று சொல்லும் கன்ட்ரோல்-டியை அழுத்தினேன்.

உடனே பதில் வந்தது, மிகுந்த பணிவோடு: 'கைண்ட்லி செக் லைன் ஒன்.'

"என்ன சொல்லுது மேடம்?"

"நன்றி சொல்லுது சார்" என்றேன். பொய்க்குப் பொய் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

கட்டளையை மறுபடி தட்டினேன். இந்த முறை ஃபைல் பெயரோடு. காஃபி வேண்டுமா என்று யாரும் கேட்பதற்குள் என்டர். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. மாறிய ஃபைலை போர்டுக்கு அனுப்பினோம். பச்சை விளக்கு எரிந்தது. போர்டு எழுந்துவிட்டது!

"இஷ்டு பேகா!" என்றார் நாகராஜப்பா. "இவ்ளோ சீக்கிரமா! காலையில இருந்து ஆகாதது!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். முருகேசன் தன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றிருந்தார்.

"முருகேசன் வெச்ச பழம் சார்" என்றேன்.

நாகராஜப்பா பழத்தைப் பார்த்தார். முருகேசனைப் பார்த்தார். அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"லைன் உனக்கேப்பா! இப்படி விஷயம் தெரிஞ்ச ஆள்தான் வேணும்!"

பஸ் நிறுத்தம்வரை வழியனுப்ப வந்த முருகேசன், யாரும் பக்கத்தில் இல்லாததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, நெஜமா என்னதான் ஆச்சு?"

"ஃபைல் பேர் போட மறந்துட்டேன்."

"பழைய புரோகிராமா இருந்தா?"

"உடனே கத்தியிருக்கும்."

"அதையே திருப்பிக் குடுத்துடுங்கக்கா. நாங்க மெயினை ஆஃப் பண்ணாம பார்த்துக்கறோம்."

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கத்தலைத் திருப்பி வைத்தேன். நாலு கருவிகளும் பழையபடி மரியாதை கெட்டுப்போயின. எல்லோரும் சுகமாக இருந்தோம்.

அந்தக் கருவிகள் எல்லாம் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன, நானும்தான். எலுமிச்சம்பழம் மட்டும் இன்னும் அந்த ஷெட்டில் வேலையில் இருப்பதாகக் கேள்வி.