தரகர் விசாரித்த ஓட்டக்காரன்

கடவுளே மாப்பிள்ளையாக வந்து நின்றாலும், "பெடியனுக்கு நிரந்தர விலாசம் இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடிய ஒரே மனிதர் எங்கள் மில்லிக்கன் பகுதித் தரகர்தான். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாது. கேட்டால் பதிலுக்கு நம்முடைய சம்பளத்தைக் கேட்பார் என்ற பயத்தில் யாரும் கேட்டதுமில்லை.

தொழில் கலியாணத் தரகு. ஆனால் அவர் சேர்த்துவைத்த சோடிகளைவிடச் சேரவிடாமல் காப்பாற்றிய சோடிகள்தான் அதிகம். ஒரு பல் வைத்தியரை, காரைத் தரிப்பிடத்தில் விடுவதற்கு முன்னும் பின்னும் பலமுறை போனார் என்பதற்காகத் தள்ளினார். "உவருக்கு முடிவெடுக்கத் தெரியாது" என்று பெண் வீட்டுக்கு அறிவித்தார். இன்னொருவர் வங்கியில் பெரிய உத்தியோகம். வோபர்னில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டிக்கு நின்றவர், பின்னால் கைத்தடியோடு நின்ற அன்ரிக்கு இடம் விடவில்லை. அந்த அன்ரிக்குப் பின்னால் தரகர் நின்றார். சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது. எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டதில்லை. நல்லதைத் தாய் தகப்பன் சொல்லுவினம், எனக்கு ஏன் அந்த வேலை என்பது அவருடைய கொள்கை.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகன் மாட்டினான்.

ஆரூரன் அப்போது பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். படிப்பது உடற்பயிற்சி விஞ்ஞானம், செய்வது புட்போல். நாங்கள் ஊரில் உதைத்த பந்து அல்ல, முட்டை மாதிரி ஒரு பந்து. அதில் றன்னிங் பாக் என்று ஒரு பதவி. பந்தைக் கைக்குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டி அளவு மனிதர்கள் எங்கே நிற்கிறார்களோ அந்த இடமாகப் பார்த்து ஓட வேண்டும். வேலை அவ்வளவுதான். அகதியாக வந்து, இரண்டு வேலை செய்து, பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பியதன் பயனை நாங்கள் இப்படி அனுபவித்தோம். என் மனைவி வாசுகி ஒரேயொரு ஆட்டம் பார்க்க வந்தாள். அதற்குப் பிறகு ஆட்ட நாட்களில் சாமி அறையை விட்டு வெளியே வருவதில்லை.

ஆரூரனுக்கு ஒரே ஆசை, தொழில்முறை அணி ஒன்றில் ஆட வேண்டும். அதற்கு ட்ராஃப்ட் என்று ஒரு சடங்கு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அணிகள் முறை வைத்து, தங்களுக்குப் பிடித்த பையன்களின் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் ஸ்கவுட் எனப்படும் ஆட்கள் வந்து உயரம், நிறை, முழங்கால், நடத்தை எல்லாம் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆரூரன் உயரத்தில் கட்டை. அவனுடைய பல்கலைக்கழக அணியோ தோற்பதற்கென்றே தேடிப் பிடித்துச் சேர்த்ததுபோல இருக்கும். அங்கே ஒரு ஸ்கவுட்டும் வழிதவறிக்கூட வந்ததில்லை. பிள்ளை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைப்பான், பிறகு எடுத்து எடுத்துப் பார்ப்பான்.

ஒரு நாள் கோப்பிக்கடையில், வேறு ஆள் கிடைக்காமல், இதைத் தரகரிடம் சொல்லிவிட்டேன்.

"உயரம், நிறை, குணம், குடும்பம் எல்லாம் பாக்கினமோ?"

"ஓம் அண்ணை."

"பிறகு ஒரு நாள் குறிச்சு, எடுக்கிறமோ இல்லையோ எண்டு சொல்லுவினம்?"

"ஓம்."

"உது மாப்பிள்ளை பாக்கிறதுதானே தம்பி. எந்தக் கிழமை ஆட்டம்? நான் வாறன்."

வந்தார். ஒக்டோபர் குளிரில் கோட் சூட், அதற்கு மேல் இன்னொரு கோட், தலையில் குரங்குத் தொப்பி. ஆரூரன் பந்தோடு ஓடியபோதெல்லாம் நான் எழுந்து கத்தினேன். தரகர் அந்த நேரங்களில் மூக்குச் சீறினார். பந்து வேறு யாரிடமாவது இருக்கும்போதுதான் ஆரூரனைக் கண்வெட்டாமல் பார்த்தார்.

"அண்ணை, இப்ப அவனிட்ட பந்து இல்லை."

"தெரியும். பெண் பாக்க வந்த அண்டைக்கு ஆர் தம்பி பிழையா நடக்கிறான்? மற்ற நாளில என்ன செய்யிறான் எண்டுதான் பாக்க வேணும்."

ஆட்டம் முடிந்து காருக்கு நடக்கும்போது தீர்ப்பு வந்தது. "ஓட்டம் பறவாயில்லை. ஆனா ஆள் கட்டை. இடப்பக்கம் திரும்ப முன்னம் யோசிக்கிறான். அதோட ஆளை இடிச்சு விழுத்திப்போட்டுக் கை குடுத்துத் தூக்கிவிடுறான். உது குடும்ப வாழ்க்கைக்கு நல்லது, உந்த விளையாட்டுக்குச் சரிவராது."

"அவன் உங்களுக்கு என்ன அநியாயம் செய்தவன் அண்ணை?"

"குறை தெரியாமல் நான் விசாரணையில இறங்கிறேல்லை" என்றார்.

விசாரணை என்றால் என்ன என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு சம்பந்தம் வந்தால், பையனோடு படித்தவன், வேலை செய்தவன், பக்கத்து வீட்டில் குப்பை போட்டவன் எல்லோருக்கும் போன் போகும். அடுத்த கிழமை ஆரூரன் சாப்பாட்டு மேசைக்குப் பாய்ந்து வந்தான். நெடுநாளைக்குப் பிறகு முகம் மலர்ந்திருந்தது.

"அப்பா, ஏதோ ஒரு டீமில இருந்து எங்கட கோச்சுக்குக் கோல் பண்ணியிருக்கினம். ஓல்ட் மான். வெரி சீரியஸ். நான் குடிக்கிறனானோ, லோன் இருக்கோ, அப்பான்ர சைட்டில ஆருக்கும் ஹார்ட் பிரச்சினை இருக்கோ எண்டெல்லாம் கேட்டவராம். கேர்ள்ஃப்ரெண்ட் பற்றியும் கேட்டவராம்."

"எந்த கேர்ள்ஃப்ரெண்ட்?" என்றாள் வாசுகி.

அப்பாவுடைய பக்கத்து நெஞ்சுவலியை விசாரிக்கிற புட்போல் அணி உலகத்தில் எதுவுமில்லை. அந்த ஓல்ட் மான் யாரென்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவனிடம் சொல்லாமல் கையைக் கழுவினேன். நேரே தரகர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, நீங்கள் கோச்சிட்ட ஸ்கவுட் எண்டு சொன்னனீங்களோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. விசாரிக்கிறன் எண்டன். ஆரெண்டு அவர் கேக்கேல்லை. சேர், சேர் எண்டு எல்லாத்தையும் சொன்னவர். நல்ல மனிசன்."

"பெடியன் நம்பிக்கொண்டிருக்கிறான். அவன்ர மனம் உடைஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?"

"இஞ்ச பாரும் தம்பி. ஒருத்தரும் விசாரிக்காத பெடியனை ஒருத்தரும் விசாரியாயினம். ஒரு வீட்டுக்காரர் விசாரிக்கினம் எண்டு கேள்விப்பட்டால், மற்ற வீட்டுக்காரருக்கு நித்திரை வராது. கொஞ்சம் பொறும்."

நம்பமாட்டீர்கள், பலித்தது. கோச் பெருமை தாங்காமல் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். கடைசி ஆட்டத்துக்கு இந்த நாட்டின் மேற்குப் பக்கத்து மாகாணம் ஒன்றின் அணியிலிருந்து ஒரு ஸ்கவுட் உண்மையாகவே வந்து குந்தினார். ஆரூரன் அன்று ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. இடப்பக்கமும் யோசிக்காமல் திரும்பினான். அணி வழக்கம்போலத் தோற்றது. ஸ்கவுட் அவனுடைய கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அன்றும் வந்திருந்த தரகர், அந்த ஸ்கவுட்டைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்துவிட்டு, "சப்பாத்து மினுக்கேல்லை. நல்ல இடமோ தெரியாது" என்றார்.

ட்ராஃப்ட் நாள் வந்தது. வீடு நிறைய ஆட்கள், றோல்ஸ், கட்லட், கேக். சுற்றுக்குச் சுற்று தொலைக்காட்சியில் பெயர்கள் போயின. எங்கள் பெயர் வரவில்லை. கடைசிச் சுற்றும் முடிந்தபோது வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கார்ச் சாவியைத் தேடத் தொடங்கினார்கள். எனக்கு ஆத்திரம் முழுவதும் தரகர் மேல்தான். இல்லாத ஆசையைப் பிள்ளைக்குக் காட்டிக் கெடுத்த மனிதர் மூலையில் இருந்து கட்லட் தின்றுகொண்டிருந்தார். "அண்ணை, கொஞ்சக் காலத்துக்கு இந்தப் பக்கம் வராதேங்கோ" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். தலையாட்டிவிட்டு இரண்டு கோட்டையும் மாட்டிக்கொண்டு போனார்.

இரண்டொரு நாளில் அந்த மேற்குப் பக்கத்து அணி கூப்பிட்டது. எடுக்கவில்லைத்தான், ஆனால் பயிற்சி முகாமுக்கு வந்து ஆடிக் காட்டட்டும், பிடித்தால் வைத்துக்கொள்வார்களாம். பொம்பிளை வீட்டார், சும்மா ஒருக்கா வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆரூரன் பையைத் தூக்கிக்கொண்டு பறந்தான். கொஞ்ச நாள் நல்ல செய்தியாக வந்தது. பிறகு ஒரு காலை, "அப்பா, வீட்டை வாறன்" என்று மட்டும் சொன்னான்.

விமான நிலையத்துக்குத் தனியாகப் போனேன். வாசுகி குழம்பு வைத்துக்கொண்டு அழுதாள், வரவில்லை. பிள்ளைக்கு என்ன சொல்வது என்று நெடுஞ்சாலை முழுக்க ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனால், பயணிகள் வெளியே வரும் கதவுக்கு நேரெதிரே, இரண்டு கோட்டோடு தரகர் நின்றார். பஸ் மாறிப் பஸ் பிடித்து வந்திருக்கிறார். என்னைக் கண்டும் காணாததுபோல நின்றார்.

ஆரூரன் தலையைக் குனிந்தபடி வந்தான். அவரைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"அங்கிள், தே கட் மீ. டீமில வச்சிருக்கேல்லை."

"தெரியும். விசாரிச்சனான். என்ன குறையாம்?"

"டூ ஸ்மோல் எண்டு சொல்லிச்சினம்."

தரகர் அவனை மேலிருந்து கீழே பார்த்தார். எத்தனையோ மாப்பிள்ளைகளைக் கவிழ்த்த அதே பார்வை. இந்த இடத்திலுமா குறை சொல்லப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்தேன்.

"நான் எத்தினையோ பெடியளைப் பாத்தவன், மகனே" என்றார். "உன்னில எனக்கு ஒரு குறையும் தெரியேல்லை. அவைக்குக் குடுத்து வைக்கேல்லை."

அவ்வளவு நேரமும் இறுக்கி வைத்திருந்த பிள்ளை, குனிந்து அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதான். தரகர் அவனுடைய முதுகைத் தட்டிக்கொண்டு, மற்றக் கையால் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். கார்வரைக்கும் அதை என்னிடம் தரவில்லை.

மில்லிக்கன் வந்தபோது, "என்னை அந்தச் சந்தியில இறக்கிவிடும் தம்பி" என்றார். எனக்கு இறக்கிவிட மனம் வரவில்லை. "பேசாமல் இருங்கோ அண்ணை, வாசுகி உங்களுக்கும் சேர்த்துத்தான் சமைச்சிருக்கிறாள்" என்று சொல்லி, நேரே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.