சங்குக்கு முன்னால் மேடேறிய பன்னிரண்டு பேர்

பொங்கி வந்த கடலைத் தீர்மானம் போட்டுத் திருப்பி அனுப்பிய அலுவலகம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அந்த அலுவலகத்தில் நான் ஐஸ் பெட்டி தூக்குகிறேன் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். இருபத்தாறு வருடமாகப் பெட்டி மட்டுமே தூக்கிய இந்தக் கை, அன்றைக்குத் தீர்மானத்துக்கு ஆதரவாகவும் தூக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் என்னை மன்னிக்காது. என் மனைவி ஏற்கெனவே மன்னிக்கவில்லை.

எங்கள் மீன் கம்பெனியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஓரத்தில் மீன் வெட்டும் கொட்டகை. அதில் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். என் மனைவி அவர்களில் ஒருத்தி. கொட்டகைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு டீக்கடை. அதைத் தாண்டினால் கம்பிக் கேட், கேட்டுக்கு உள்ளே மூன்று மாடி அலுவலகம். மதிலை ஒட்டி ஒரு பாதை போகும். அதில் ஏறினால் தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேடு. கொட்டகைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. மீன் வயிற்றுக்குள் விழுந்துவிடும் என்று கேட்டிலேயே வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார்கள். ஆகவே கொட்டகைக்கு எந்தச் சேதி போக வேண்டுமென்றாலும் மொட்டை மாடியில் இருக்கும் சங்குதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சங்கைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் பொங்கினால் ஊதுவதற்காக மூன்று வருடம் முன்பு வைத்தது. தினமும் ஊதிச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு. தினமும் காலை பத்து மணிக்குச் சோதித்தார்கள். பத்து மணி டீ நேரம். ஒரே வருடத்தில் சங்கு தன் பழைய வேலையை விட்டுவிட்டு டீக்கடையில் சேர்ந்துகொண்டது. அது ஊதினால் மூன்று மாடியும் இறங்கி டீக்கடையில் நிற்கும். இவ்வளவு ஒழுக்கமாக ஒரு எச்சரிக்கைக்குக் கட்டுப்பட்ட மக்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

கேட் அருகில் ஒரு போர்டும் உண்டு. சிவப்புப் பெயின்ட்டில், ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலம்: "நிலம் ஆடினால் சங்குக்குக் காத்திருக்காதே. யாரையும் கேட்காதே. மேட்டுக்கு ஓடு."

நாற்பத்து நான்கு வயதில் நான் எழுத்துக் கற்றது இந்தப் போர்டைப் பார்த்துத்தான். அவ்வளவு பெரிய எழுத்து வேறெங்கும் இலவசமாகக் கிடைக்கவில்லை. 'காத்திருக்காதே' என்ற சொல்லில் மட்டும் பதினோரு நாள் காத்திருந்தேன். வீட்டுக்குப் போய் உரக்கச் சொல்லிப் பழகுவேன். மனைவி தலை வாரிக்கொண்டே, "இன்னிக்கும் அதே பாட்டா?" என்பாள்.

படித்த பலன் சும்மா போகவில்லை. "பேரிடர் முன்னேற்பாட்டுக் குழு"வில் கையெழுத்துப் போடத் தெரிந்த தொழிலாளி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. என்னைப் போட்டார்கள். மேலாளர் தலைவர், எழுத்தர் செயலாளர், கணக்கர் உறுப்பினர், கேட் காவலாளி "பாதுகாப்பு ஆலோசகர்". நான் ஐந்தாவது. ஐந்து பேரும் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

அன்று பத்து மணிச் சங்கு ஊதி, டீ குடித்து முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பதினொன்று ஐந்துக்கு நிலம் ஆடியது. மேலாளர் அறையில் நான் தண்ணீர் கேன் மாற்றிக்கொண்டிருந்தேன். மின்விசிறி ஊஞ்சலாடியது; டம்ளர் நடந்து போய்க் கீழே குதித்தது.

"யாருய்யா மேஜையை ஆட்டுறது?" என்றார் மேலாளர். கேட்டது மேஜைக்கு அடியிலிருந்து.

இரண்டு நிமிடத்தில் எல்லாருடைய போனும் கத்தியது. கடலுக்கடியில் நிலநடுக்கம், பன்னிரண்டு மணிவாக்கில் பேரலை வரலாம், கரையை விட்டு விலகுங்கள்.

மக்கள் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. எழுத்தர் சேதியைப் பதினான்கு வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினார். அனுப்பி முடித்த பிறகு படித்தார். கணக்கர், "இது அரை நாள் லீவா, முழு நாள் லீவா?" என்று உயிர்நாடியான கேள்வியைக் கேட்டார். காவலாளி ஓடிப்போய்க் கம்பிக் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எதுக்கண்ணே பூட்டுறீங்க?"

"கடல் உள்ள வந்துடக் கூடாதுல்ல?"

கம்பிக்குக் கம்பி ஒரு சாண் இடைவெளி. இருந்தாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் எதுவும் நுழைய முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

வெளியே, ஊரே மதிலோரப் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தது, கடற்கரைக்கு. கையில் போன், தோளில் பிள்ளை. ஒருவர் ஓட்டமும் நடையுமாகப் பேசிக்கொண்டே போனார். "மச்சான், சுனாமி வருதாம்! உடனே கிளம்பி வா. அக்காவையும் கூட்டிட்டு வா. முன்னாடியே வந்தாத்தான் நல்லாத் தெரியும்!"

பதினொன்று பதினைந்துக்கு அவசரக் கூட்டம் கூடியது. இடம், கடலைப் பார்த்த தரைத்தள அறை. மூன்றாவது மாடியில் ஏ.சி. கிடையாது. எனக்கும் மெத்தை வைத்த நாற்காலி கொடுத்தார்கள். அதற்கு முன் அந்த நாற்காலிகளை நான் தூக்கித்தான் இருக்கிறேன்.

"சார், கொட்டகைல பன்னெண்டு பேர் இருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சங்கை ஊதிடலாம் சார்" என்றேன்.

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். "பத்து மணிக்கே ஊதியாச்சே?"

"அது டீக்குங்க."

"டீன்னா இங்க எழுதியிருக்கு? 'எச்சரிக்கைச் சங்கு, ஒன்று'ன்னு எழுதியிருக்கு. ஒரு நாளைக்கு ஒண்ணுக்குத்தான் அனுமதி."

"அப்ப நான் நேராப் போயிக் கூட்டிட்டு வந்துடறேன் சார். என் வீட்டுக்காரி அங்கதான் இருக்கா."

மேலாளர் என்னைக் கனிவோடு பார்த்தார். "உக்காருய்யா. நீ எழுந்து போனா நாலு பேர். நாலு பேர் இருந்தா கூட்டம் செல்லாது. கூட்டம் செல்லலைன்னா சங்கு ஊத முடியாது. சங்கு ஊதலைன்னா உன் வீட்டுக்காரியை யாரு காப்பாத்துறது?"

இந்த வாதத்தில் எனக்கு ஓட்டையே தெரியவில்லை. மீன் வலையும் அப்படித்தான். முழுக்க ஓட்டை, ஆனால் உள்ளே இருப்பவனால்தான் வெளியே வர முடியாது. காவலாளியின் இடுப்புச் சாவியைப் பார்த்தேன். நாற்காலியின் மெத்தையும் மெத்தென்றுதான் இருந்தது. உட்கார்ந்தேன்.

அடுத்து, வருவதற்கு என்ன பெயர் வைப்பது என்று விவாதம்.

"பேரலைன்னு போட்டா ஜனங்க பயந்துடுவாங்க" என்றார் கணக்கர்.

"வெறும் அலைன்னு போட்டா மதிக்க மாட்டாங்களே" என்றார் காவலாளி.

"'வழக்கத்தைவிடச் சற்று ஊக்கமான அலை'ன்னு போடுங்க" என்றார் மேலாளர். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். பிஸ்கட் வந்தது. மணி பதினொன்று முப்பத்தொன்று.

"சார், சங்கு..." என்றேன்.

"அவசரப்படாதய்யா. இது அவசரக் கூட்டம்."

கடைசியில் இரண்டு தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. ஒன்று: "தனக்கு ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் அமைதி காக்குமாறு கடலை இக்குழு கேட்டுக்கொள்கிறது." இரண்டு: "இன்று ஒரு நாள் மட்டும், சிறப்பு நேர்வாக, இரண்டாவது சங்குக்கு அனுமதிக்கப்படுகிறது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது." நான்கு பேர் சரசரவென்று கையெழுத்துப் போட்டார்கள். நான் ஐந்தாவது. என் பெயரில் எழுத்துகள் அதிகம். கடைசி எழுத்துக்குக் கொம்பு வேறு. இரண்டு நிமிடம் பிடித்தது. கடலோரத்தில் மனைவி இருக்க, அந்தக் கொம்பை நான் அழகாகத்தான் போட்டேன் என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

பதினொன்று நாற்பத்தாறுக்குச் சங்கு ஊதியது.

என்ன ஒரு கட்டுப்பாடு! மூன்று மாடியும் ஒரே நிமிடத்தில் காலியானது. தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. எல்லாரும் வரிசையாக இறங்கி, நேராக டீக்கடைக்குப் போனார்கள். வெள்ளம் வந்தால் நனையக் கூடாதென்று புது பைக்கை இரண்டாவது மாடிக்கு ஏற்றிவைத்திருந்த ஆளும் அதை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி வந்தார். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். டீக்கு மட்டும் எங்கள் கம்பெனியில் அனுமதிச் சீட்டு கேட்பதில்லை.

டீக்கடைக்காரர் பதறிப்போனார். "என்ன சார் இது, இன்னிக்கு ரெண்டு வாட்டி? முன்னாடியே சொல்லக் கூடாதா? பாலு இன்னும் காயலையே!"

எண்பது பேர் கடலைப் பார்த்தபடி, பால் காய்வதற்காகக் காத்திருந்தார்கள். நான் அவர்களைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன்.

கொட்டகையில் ஒருவரும் இல்லை.

மேஜை மேல் பன்னிரண்டு கத்திகள். பாதி வெட்டின மீன்கள். குழாய் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில், தண்ணீர்ப் பக்கமாகத் திரும்பி, ஒற்றைச் செருப்பு கிடந்தது. போன மாதம் நான்தான் அதற்கு நீல வார் தைத்துக் கொடுத்தேன். அதைக் கையில் எடுத்தேன். கடலைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கடல் பதில் சொல்லாமல் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க! அங்க என்ன பண்றீங்க?"

குரல் முதுகுப் பக்கமிருந்து, அதுவும் வானத்திலிருந்து வந்தது. திரும்பினேன். தண்ணீர்த் தொட்டி மேட்டில் பன்னிரண்டு பெண்கள், ரப்பர் ஏப்ரனோடு வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்தி இன்னொரு ஒற்றைச் செருப்பைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மேல வாங்க மனுஷா! அந்தச் செருப்பையும் எடுத்துட்டு வாங்க!"

போகிற வழியில், "மேட்டுக்கு வாங்க!" என்று டீக்கடையைப் பார்த்துக் கத்தினேன். "டீ வாங்கிட்டு வந்துடறோம்" என்றார்கள். இருபத்தாறு வருடம் பெட்டி தூக்கின முழங்காலோடு மேடேறினேன். மூச்சு வந்ததும் கேட்டேன்.

"எப்ப வந்தே?"

"நிலம் ஆடினப்பவே."

"சங்கே ஊதலையே?"

"'சங்குக்குக் காத்திருக்காதே, யாரையும் கேட்காதே'ன்னு ஒரு மாசமா என் உயிரை வாங்குனது யாரு? தரை ஆடுச்சு. கத்தியைப் போட்டேன். வாங்கடின்னு சொன்னேன், வந்துட்டோம். எதிர்ல இறங்கி வந்தவங்கதான், 'ஏம்மா, கடல் அந்தப் பக்கம் இருக்கு'ன்னு எங்களுக்கு வழி காட்டுனாங்க." கையை அலுவலகப் பக்கம் நீட்டினாள். "ஆமா, நீங்க எங்க இருந்தீங்க? நான் இங்க நின்னு அலுவலக வாசலையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"கூட்டத்துல."

"எதுக்குக் கூட்டம்?"

"உங்களைக் காப்பாத்த."

பதினொரு பெண்கள் சிரித்த சிரிப்பில் தொட்டி அதிர்ந்தது. அன்றைய இரண்டாவது நிலநடுக்கம் அதுதான். எந்தக் கருவியிலும் பதிவாகவில்லை. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த செருப்பை வாங்கி, கீழே போட்டு, மாட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டே காலுக்கு அலை வந்தது. நல்ல வேளை, கணுக்கால் உயரம்தான். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் புகுந்து, கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை எடுத்துக்கொண்டு மரியாதையாகத் திரும்பிப் போனது. ஜனங்கள் படம் எடுத்தார்கள். மச்சானை வரச்சொன்னவர், "இவ்வளவுதானா?" என்று மனம் உடைந்தார். மேலாளர் நனைந்த பேன்ட்டை மடித்துக்கொண்டே, "பாத்தீங்களா? எல்லைக்குள்ள அமைதி காத்துடுச்சு" என்றார்.

மறு வாரம் கேட்டில் புதுக் கல்வெட்டு வைத்தார்கள். கடலைத் தடுத்த ஐவர் பெயரும் பொறித்து, மேலே பெரிய விளக்கும் போட்டார்கள். வேறு இடம் இல்லாததால், பழைய சிவப்புப் போர்டைக் கழற்றித்தான் அதை மாட்ட வேண்டியிருந்தது. கழற்றித் தூக்கிப் போனவன் நான்.

அதே நாள் பன்னிரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது. வீட்டில் உட்கார்ந்து மனைவிக்கு நான்தான் படித்துக் காட்டினேன். "சங்கு ஊதப்படுவதற்கு நாற்பத்தொரு நிமிடம் முன்னதாகவே, குழுவின் அனுமதியின்றி, மேட்டுக்குச் சென்றது ஏன்? எழுத்துமூலம் விளக்கம் தரவும்."

"அப்படின்னா?"

"ஏன் பொழைச்சேன்னு எழுதித் தரணுமாம்."

அவள் தலை வாருவதை நிறுத்தினாள். "எனக்குத்தான் எழுத வராதே. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. கை வலிக்குது, கொம்பு வருதுன்னு ஒண்ணும் சொல்லக் கூடாது."

பேனாவைத் திறந்தேன்.

"'போர்டுல என்ன எழுதியிருந்துச்சோ, அதைத்தான் செஞ்சேன். எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா, நானும் கூட்டத்துலதான் உக்காந்திருப்பேன்.' எழுதிட்டீங்களா? கொண்டாங்க, கைநாட்டு வைக்கிறேன்."