நான்கு சென்டிமீட்டர் மார்ஜின்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம்தான். ஆனால் பக்கத்தின் ஓரத்தில் வெற்றிடம் விடக் கற்ற அன்றுதான் நாகரிகம் முழுமை பெற்றது என்பது இயக்குநர் ராமசுப்ரமணியனின் உறுதியான கருத்து. தில்லி லோதி ரோட்டில் இருந்த அவருடைய கட்டடப் பாதுகாப்புப் பிரிவில் அதை மறுத்துப் பேசியவர் எவருமில்லை.

அகல்யா அங்கே சேர்ந்து எட்டு மாதம். அரசுக் குடியிருப்பு ஒன்றின் ஏ பிளாக் படிக்கட்டு விரிசல் விட்டிருக்கிறது, மழைக்கு முன் முட்டுக் கொடுக்காவிட்டால் இடிந்துவிடும் என்று பன்னிரண்டு பக்க அறிக்கை எழுதியிருந்தாள். அந்தப் படிக்கட்டில் தினமும் மூன்று மாடி ஏறி இறங்குபவள் பக்கத்து நாற்காலிக்காரி வள்ளி.

இயக்குநர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. "இதென்னம்மா, வேர்ட்ல அடிச்சிருக்க? உலகமே லேடெக்குக்குப் போயாச்சு. முதல்ல பக்க அமைப்பு அப்ரூவ் ஆகட்டும். விஷயத்தை அப்புறம் ஊத்திக்கலாம்."

லேடெக் என்ற அந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் எதையும் மவுஸால் இழுத்து நகர்த்த முடியாது. கட்டளை எழுதித்தான் பக்கத்தைப் பணிய வைக்க வேண்டும். மயூர் விஹாரிலிருந்து வரும் மெட்ரோவில் நின்றுகொண்டே அகல்யா அதைக் கற்றாள். மாதிரிப் பக்கங்களை நிரப்ப, தான் மனசுக்குள் எழுதிவந்த நாவலை எடுத்துப் போட்டாள்: பனி பெய்யும் தீவு, கலங்கரை விளக்கக் காவலர், அவருக்கு வராத கடிதங்கள்.

கோப்பு புறப்பட்டது. முதல் அதிகாரி, தாம் குறிப்பெழுத இடது மார்ஜின் நான்கு சென்டிமீட்டர் கேட்டார். அவருக்கு மேலிருந்தவர் அதே அளவை வலப்புறம் கேட்டார். மூன்றாமவர் பக்க எண்ணைக் கீழே இறக்கினார். நான்காமவர் 'நிர்வாக நலன் கருதி' மேலே ஏற்றினார். ஒவ்வோர் ஆணையையும் அகல்யா ஒரு வரிக் கட்டளையில் நிறைவேற்றினாள். எழுத்தெல்லாம் நடுவில் புடலங்காய் போல ஒல்லியாகத் தொங்கியது. ஐந்தாமவரும் திருப்தியடைந்தபின் கோப்பு திரும்பியது: 'அறிக்கை ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டது. ஏற்கப்படுகிறது.'

"சார், உள்ள இன்னும் ரிப்போர்ட்டே வைக்கலை. அது கதை."

"அப்ரூவ் ஆனதைக் கதைன்னு சொல்லாதம்மா."

"இப்ப மாத்தி வச்சுடட்டுமா?"

"ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி முதல்லேர்ந்து போகணும். மூணு மாசம். அச்சா, வேற ஏதாவது?"

மழைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

வள்ளி டிபன் டப்பாவைத் திறந்தபடி கேட்டாள். "என்னடி ஆச்சு எங்க படிக்கட்டு?"

"தீவுல பனி பெய்யுது. அஞ்சு பேர் ஒப்புதல் குடுத்துட்டாங்க."

"நல்லது. நான் ஏணி வாங்கிக்கறேன்."

அகல்யா சாப்பிடாமல் எழுந்து போய்ப் பச்சை மைப் பேனா ஒன்று வாங்கி வந்தாள். அந்த அலுவலகத்தில் பச்சை மையில் எழுதும் உரிமை மிக உயர்ந்த அதிகாரிகளுக்கே உண்டு. திரும்பி வந்த கோப்பில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்து மார்ஜினில் எழுதினாள்: 'ஏ பிளாக் படிக்கட்டுக்கு இரும்பு முட்டு. தாமதம் ஏன்?' கையெழுத்துப் போடாமல், மேலே போகும் கோப்புகளோடு வைத்தாள்.

நான்காம் நாள் லாரியில் முட்டுகள் வந்து இறங்கின. இப்படியொரு சுறுசுறுப்பை வேறெந்த நாட்டு நிர்வாகத்தில் காண முடியும்? தாமதத்துக்கு ஐந்து அதிகாரிகளும் ஆளுக்கொரு விளக்கம் எழுதியிருந்தார்கள். பனித்தீவில் ஏ பிளாக் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு, இரண்டு மார்ஜினுக்கும் நடுவில் இருந்ததை யாராவது ஒருவர் படித்திருக்க வேண்டும்.