பிடி மட்டும் கையில்

கண்ணாடி அலுமாரிக்குள் இருப்பதை எடுத்துப் புழங்காதே என்று மாமியார் சொன்னால், தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காதவள் சொல்கிறேன்.

கல்யாணமாகிக் கண்டிக்குப் பக்கத்து மஹய்யாவ வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. அன்றாட வாழ்வை அழகாக்குவது எப்படி என்று ஏதோ ஒரு வார இதழில் படித்துத் தொலைத்துவிட்டேன். அவ்வளவுதான். அடுப்படி ஜன்னலில் ஜாம் போத்தலுக்குள் செம்பருத்தி. அரிசி டின்னுக்கு நீலப் பெயின்ட். குளிக்கும் இடத்தில் மயில் படம் போட்ட கலண்டர். ("குளிக்கிற எடத்துல மயில் எதுக்கும்மா? அது பாத்துக்கிட்டே இருக்கு" என்றார் அத்தை, அதாவது என் மாமியார்.) என் கணவர் எதற்கும் வாய் திறக்காத மனிதர். மயில்மேல் ஒரு துவாயைப் போர்த்திவிட்டுக் குளித்தார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட அத்தை ஒன்றில் மட்டும் அசையவில்லை. ஹாலில் இருந்த கண்ணாடி அலுமாரியில் ரோஜாப்பூப் போட்ட, தங்க விளிம்பு வைத்த தேநீர்க் கோப்பைகள், அடியில் வைக்கும் பீரிசுகளோடு வரிசையாக இருக்கும். மாமா உயிரோடு இருந்தபோது கண்டியில் வாங்கிக் கொடுத்தாராம். வெள்ளிக்கிழமை தோறும் அத்தை தன் கையாலேயே துடைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். "ஒரு நாளைக்கு இதுல தேத்தண்ணி குடிப்போமே அத்தை" என்று கேட்டால், "அது விருந்தாளிக்கு" என்பார். விருந்தாளி வந்தால், "இவங்களுக்கு இல்ல" என்பார். ஜனாதிபதியே வந்திருந்தாலும் சாதாரணக் கிளாசில்தான் கொடுத்திருப்பார்.

அப்போதுதான் என் நாத்தனார் செல்வியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். செல்விக்குக் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை. அங்கேயே வேலை செய்த, கெலிஓயா ஊர்க்காரன் ரவிமேல் அவளுக்கு உயிர். இது எனக்கு மட்டும் தெரியும். ரவி ஒரு தரகரைப் பிடித்து, யாரோ பார்த்துச் சொன்ன சம்பந்தம் மாதிரி ஏற்பாடு செய்துவிட்டான். ஆனால் ரவியின் அம்மா லேசுப்பட்டவர் இல்லை. ஒரு வீட்டில் திரைச்சீலை அழுக்காக இருந்தது என்று பாதியில் எழுந்து வந்தவராம். "அண்ணி, இது மட்டும் நடக்கலன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்" என்று செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த அம்மாவை அழகால் அடித்து வீழ்த்துவது என்று நான் முடிவு செய்தேன்.

அன்று காலை அத்தை அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போனார். என் அலுமாரிச் சாவி அந்தப் பூட்டுக்கும் சேரும் என்பதை நான் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தேன். கோப்பைகளை எடுத்தேன். ரோஜாவுக்குக் குறுக்கே மெல்லிய பழுப்புக் கோடுகள் ஓடின. அடடா, என்ன நுணுக்கமான வேலைப்பாடு என்று ரசித்தேன். (சத்தியமாக ரசித்தேன்.) அழுக்கே இல்லாததால் ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

என்றைக்கும் பிந்தி வரும் கெலிஓயா பஸ் அன்று பார்த்து நேரத்தோடு வந்துவிட்டது. அத்தை திரும்புவதற்குள் ரவியும் அவன் அம்மாவும் ஹால் கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள்.

"கோப்பையெல்லாம் நல்லா இருக்கே" என்றார் ரவியின் அம்மா.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நாங்க தெனமும் இதுலதாங்க குடிக்கிறது" என்றேன்.

அவர் கோப்பையைத் தூக்கினார். வாய் வரைக்கும் போய்ச் சேர்ந்தது பிடி மட்டும்தான். கோப்பை பாதி வழியில் கழன்று மடியில் கவிழ்ந்தது. பச்சைப் பட்டு முழுக்கப் பால் தேத்தண்ணி. பதறிப்போன ரவி தன் கோப்பையோடு எழ, அதன் அடிப்பாகம் எழ மாட்டேன் என்று பீரிசிலேயே உட்கார்ந்துகொண்டது. தேத்தண்ணி மொத்தமும் அவன் வெள்ளைக் காற்சட்டையில். தட்டில் மிச்சமிருந்த கோப்பை, யாரும் தொடாமலே, இரண்டாகப் பிரிந்தது.

ஏதாவது பேச வேண்டுமே என்று நான் பேசினேன்: "பரவாயில்லங்க, உள்ள இன்னும் மூணு இருக்கு."

வாசலில் அர்ச்சனைத் தட்டோடு அத்தை நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. போச்சு, பாவி நான், ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே துடைக்கத் துணி தேடினேன்.

ரவியின் அம்மா மடியைத் துடைக்கவில்லை. கையில் இருந்த பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"சைக்கிள் டியூப்புக்குப் பூசுற சொலூஷனா?" என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை மெதுவாகத் தலையாட்டினார்.

"அது சூடு தாங்காதுங்க. நான் முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் கொழைச்சு ஒட்டினேன். கல்லு மாதிரி நிக்கிது. ஆனா ஒரு நாளும் ஊத்திப் பாக்கல."

"நம்ம வீட்டு அலுமாரியில இருக்கிற செட்டையாம்மா சொல்றீங்க?" என்றான் ரவி.

"நீ வாய மூடு."

அத்தைதான் முதலில் சிரித்தார். வாங்கிய வாரமே தட்டோடு போட்டு உடைத்தாராம். மாமா வேலையிலிருந்து வருமுன் அவருடைய சைக்கிள் பெட்டியிலிருந்தே பசையை எடுத்து ஒட்டிப் பூட்டியவர், மாமா போய்ச் சேரும்வரை மூச்சு விடவில்லை. ரவியின் அம்மா கதையும் கிட்டத்தட்ட அதேதான், அவர் பயந்தது மாமனாருக்கு. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு கிளாசில் தேத்தண்ணி குடித்து, நாளும் குறித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். பெண்ணை யாரும் சரியாகப் பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

சாயங்காலம் எனக்கு அர்ச்சனை விழும் என்று காத்திருந்தேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எத்தன வருஷம் தொடச்சிருப்பேன் சுமதி. ஒரு வாய் குடிச்சதில்ல" என்றார். அடுத்த வாரமே இருவரும் கண்டிக்குப் போய், அதே மாதிரித் தங்க விளிம்பு வைத்த புதுக் கோப்பைகள் வாங்கி, அடுப்படித் தட்டில் பூட்டில்லாமல் அடுக்கினோம். அதற்குப் பிறகு காலை தோறும் அத்தை பின்வாசல் படியில் உட்கார்ந்து, எதிர்மலையில் பனி விலகுவதைப் பார்த்தபடி தங்க விளிம்புக் கோப்பையில் நிதானமாகக் குடிப்பார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். ஒரு தரம் நான் கைதவறி ஒன்றை உடைத்தபோதுகூட, "குடிச்சு உடைஞ்சதுதானே, போகட்டும்" என்றார்.

ரவி மட்டும் இன்றுவரை எந்த வீட்டிலும் பிடியை நம்புவதில்லை. ஒரு கையால் பிடித்து, மறுகையை அடியில் முட்டுக் கொடுத்துத்தான் குடிப்பான். பார்த்துப் பழகிய பிள்ளைகளும் அப்படியே. போன மாதம் அவன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், அவள் இரண்டு கையாலும் கோப்பையை ஏந்திக் குடிப்பதைக் கண்டு, "என்னா ஒரு அடக்கம், என்னா வளர்ப்பு" என்று உருகி, உட்கார்ந்த இடத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள். செல்வி என்னைப் பார்த்தாள். நான் அடுப்படிக்கு ஓடிப்போய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.