பிரேசிலில் அடித்த இடதுகால் கோல்

தேவாலாவில் அந்த ஜூன் மாதம் மழையும் வந்தது, வெறுங்காலானந்தா என்ற சாமியாரும் வந்தார். மழையைப் பற்றி வானிலைக்காரர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். இவரைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை.

இந்தியக் கால்பந்து அணி கத்தாரிடம் தோற்று, 2026 உலகக்கோப்பைக்குப் போகும் வழி அடைபட்ட வாரம் அது. கத்தாரின் முதல் கோலுக்கு முன்னால் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. உலகமே பார்த்தது. நடுவர் பார்க்கவில்லை. அடுத்த நாள் கூடலூர் பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட யாரும் வாய் திறக்கவில்லை.

"நமக்கு மட்டும் ஏனுங்க இப்படி ஆகுது?" என்று புலம்பினார் சுப்பண்ணன். ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். பனிமலர் கால்பந்துக் கழகத்தின் செயலாளர். நியாயமான கேள்விதான். மைதானம் இல்லை, பயிற்சியாளர் இல்லை, நிர்வாகம் சரியில்லை என்று பல பதில்கள் இருந்தன. ஆனால் அவற்றில் எதை ஏற்றுக்கொண்டாலும் பிறகு வேலை செய்ய வேண்டியிருக்கும். வெறுங்காலானந்தா சொன்ன பதிலுக்கு நம்பினால் மட்டும் போதும்.

அவர் சொன்னது இது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடிய ஒரு மாபெரும் வீரரின் ஆவி அவர் உடம்பில் இறங்குகிறது. வீரரின் பெயரைச் சொல்ல ஆவிக்கு அனுமதியில்லை. 1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கிய செய்தியை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தபோதே அந்த வீரரின் உயிர் பிரிந்ததாம். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் பூட்ஸ் போட்டு பாரத மண்ணை அவமதித்தார்களாம். அந்த மண்ணின் சாபத்தால்தான் இன்றுவரை பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறதாம்.

முதல் ஞாயிறு கழகத்தின் தகரக் கொட்டகையில் நாற்பது பேர் இருந்தார்கள். மூன்றாவது ஞாயிறு நானூறு பேர். தேவர்சோலையிலிருந்து ஜீப்புகள் வந்தன. அருவங்காட்டிலிருந்து ஒரு குடும்பம் மூன்று பஸ் மாறி வந்தது. அவர்கள் பையன் பெனால்ட்டியைத் தொடர்ந்து வெளியே அடிக்கிறானாம். ஜெபமாலை போட்டவர்கள், தொப்பி வைத்தவர்கள், விபூதி பூசியவர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மதம் பார்க்காத ஆவி என்று ஊருக்கே பெருமை. பகுத்தறிவைப் பறிகொடுப்பதில் மட்டும் நம் ஜனங்களின் ஒற்றுமையை யாராலும் குலைக்க முடியாது.

ஆவி காணிக்கை கேட்கவில்லை. காசைத் தொட்டதே இல்லை. அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள். அது கேட்டதெல்லாம் பூட்ஸ்.

"கழட்டுங்கடா! தோல் போட்ட காலுல அருள் ஏறாது! எல்லாத்தையும் என் முன்னால வைங்க. நானே கொண்டுபோய் ஓடுற தண்ணில விடறேன்!"

கழகத்தின் ஆண்கள் அணி வைத்தது. பெண்கள் அணியும் வைத்தது. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஷூவையும் கழற்றி வைத்தார்கள். ஆவி அதை மட்டும் கையால் தள்ளிவிட்டது. பழைய கேன்வாஸ் ஷூவில் சாபம் ஒட்டுவதில்லை போலும்.

பெண்கள் அணியின் முன்கள ஆட்டக்காரி கெஸியா. பதினேழு வயது. அவள் அம்மா ஜெஸிந்தா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூடுதல் கொழுந்து பறித்து, ஒரு வருஷம் சர்ச் பூசைக்கே போகாமல், மகளுக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். கெஸியா அதைக் கழற்றத் தயங்கினாள்.

"கொடுத்துரு பாப்பா. உன் ஒருத்தியால இந்தியாவுக்கே சாபம் நிக்கக்கூடாது," என்றார் ஜெஸிந்தா.

கொடுக்காதவள் ஒருத்திதான். கோல்கீப்பர் நாஜ்னீன். பஜாரில் காய்கறிக்கடை வைத்திருக்கும் மொய்னுதீனின் மகள். கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டே அரசுத் தேர்வுக்கும் தயாராகிக்கொண்டிருந்தாள். எதிரில் வருகிறவன் எந்தப் பக்கம் ஏமாற்றப் போகிறான் என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண் அவளுடையது.

"ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல அந்தக் குளிருல முக்காவாசிப் பேரு வெறுங்காலோட ஆடி, யூகோஸ்லாவியாகிட்ட பத்து கோல் வாங்கினாங்க சுப்பண்ணா. அதுக்கப்புறம்தான் பூட்ஸைக் கட்டாயமாக்கினாங்க. பூட்ஸ் போட்டுத்தான் மெல்போர்ன்ல நாலாவதா வந்தோம். ஜகார்த்தாவுல தங்கமும் பூட்ஸ் போட்டு வாங்கினதுதான்."

"ஐம்பத்தொண்ணுல டெல்லி ஆசியப் போட்டியில வெறுங்காலோடவே தங்கம் வாங்கலியா அம்மிணி?"

"வாங்கினாங்க. திறமை இருந்துச்சு, வாங்கினாங்க. சாபத்துக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"படிச்ச புள்ளைகளுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்," என்று சொல்லிவிட்டு சுப்பண்ணன் தன் பூட்ஸையும் கொண்டுபோய் வைத்தார். அவர் ஆடுவதை நிறுத்திப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை மழையில் வெறுங்காலோடு பயிற்சி நடந்தது. சேறு கணுக்கால் வரை இருந்தது. கெஸியா பந்தை வாங்கித் திரும்பினாள். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அவள் கத்தியது பஸ் ஸ்டாப் வரை கேட்டது.

கணுக்கால் சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கோயம்புத்தூரில் மாநில அணித் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்கு அல்ல, அது தூரம், அதோடு அங்கே ஆவி கிடையாது.

வெறுங்காலானந்தா காலைத் தன் கம்பளிக்குள் இழுத்து மூடிக்கொண்டார். கண்ணை மூடினார். குனிந்து உஸ்ஸென்று ஊதினார். கெஸியாவின் முகம் தெளிந்தது.

"வலி இல்லம்மா!"

கூட்டம் கைதட்டியது. ஜெஸிந்தா சாமியாரின் காலில் விழுந்தார்.

"தினமும் கொண்டாங்க. ஊதறேன். ஆனா எக்ஸ்ரே எடுத்தா அந்தக் கதிர் பட்டு அருள் கருகிப் போயிடும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க," என்றார் அவர்.

வலியில்லாத நிலை பதினைந்து நிமிஷம் இருந்தது. பிறகு கெஸியா இரவெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் ஊதினார்கள், மறுநாளும் பதினைந்து நிமிஷம். அருளுக்கு பேட்டரி போலக் காலக்கெடு இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. வலி திரும்புவது மகளின் நம்பிக்கைக் குறைவால் என்று ஜெஸிந்தாவிடம் சொல்லியிருந்தார்கள். அவர் மகளைத் திட்டவும் முடியாமல், தேற்றவும் முடியாமல் கொழுந்துக் கூடையோடு மலையேறி இறங்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை நாஜ்னீன் பார்க்க வந்தாள். கால் நீலமாகியிருந்தது.

"ஊதுறப்ப எப்படிடி இருக்கும்?"

"ஐஸ் வச்ச மாதிரி. அப்புறம் மரத்துப் போயிரும்."

"வாசனை?"

கெஸியா யோசித்தாள். மெதுவாகத் தலை நிமிர்ந்தாள். "போன வருஷம் ஈரோடு மேட்ச்ல எனக்கு முட்டில அடிபட்டுச்சே. ஃபர்ஸ்ட் எய்டுக்காரர் ஓடி வந்து ஒண்ணு அடிச்சாரே..."

"ஸ்ப்ரே."

"அதே வாசனைடி."

நாஜ்னீன் எழுந்து கதவைச் சாத்தினாள். பிறகு கெஸியா சொன்னாள்: "அம்மாகிட்ட நாம சொன்னா நம்பாது. அம்மா கண்ணால பாக்கணும்."

நான்காவது ஞாயிறு கொட்டகை வழிந்தது. தகரத்தில் மழை அடிக்க, வெறுங்காலானந்தா உடம்பை உலுக்கினார். ஆவி இறங்கியது. இறங்கியதும் வழக்கம்போல, "யாருக்கு என்ன குறை?" என்று கேட்டது.

நாஜ்னீன் எழுந்தாள். கைகூப்பினாள். பக்கத்தில் பெஞ்சில் கெஸியா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தோளைப் பிடித்தபடி ஜெஸிந்தா.

"குறை ஒண்ணுமில்லைங்க ஐயா. உங்க ஆட்டத்தைப் பத்தி உங்க வாயாலயே கேக்கணும்னு ஆசை. 1950இல பிரேசில்ல நடந்த உலகக்கோப்பையில, இத்தாலிக்கு எதிரா ரெண்டாவது கோல் அடிச்சீங்களே, அது எந்தக் காலுங்க?"

சுப்பண்ணனுக்குச் சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு பக்தியான கேள்வியை அவர் இந்தப் பெண்ணிடம் எதிர்பார்க்கவில்லை.

ஆவி மேலே பார்த்தது. நினைவுகளில் மூழ்கியது.

"இடது காலு," என்றது. "முப்பது கஜத்துல இருந்து. வெள்ளைக்காரன் கோல்கீப்பர் பாத்துக்கிட்டே நின்னான்."

கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. ஒருவர் அழுதார். எழுபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் நடந்த கோலுக்காக தேவாலாவில் விசில் அடித்தார்கள்.

நாஜ்னீன் ஆரவாரம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"1950 உலகக்கோப்பைக்கு இந்தியா போகவே இல்லைங்க."

எழுந்து நின்றவர்கள் மெதுவாக உட்கார்ந்தார்கள்.

"இடம் கிடைச்சுச்சு. இத்தாலி, சுவீடன், பராகுவேகூட ஒரே பிரிவுல போட்டாங்க. நாம போகல. கப்பல் பயணம், செலவு, ஒலிம்பிக் போதும்ங்கிற நினைப்புன்னு பல காரணம் சொல்றாங்க. ஆனா போகலைங்கறது எல்லாருக்கும் தெரியும். உலகக்கோப்பையில இந்தியா இன்னிக்கு வரைக்கும் ஒரு மேட்ச்கூட ஆடுனதில்ல. எந்தக் கோலுங்க, எந்தக் காலுங்க?"

நானூறு பேரும் போனை எடுத்தார்கள். நான்கு ஞாயிறாக அந்தப் போன்கள் அவர்கள் பையிலேயேதான் இருந்தன. சாமியாரைப் படம் பிடிக்க மட்டும் பயன்பட்டன.

வெறுங்காலானந்தாவின் மீது குறை சொல்ல முடியாது. இந்தியா ஆடிய ஆட்டங்களையெல்லாம் அவர் ஒழுங்காக மனப்பாடம் செய்திருந்தார். ஆடாத ஆட்டத்தை யார் மனப்பாடம் செய்வார்கள்?

"ஆவியா போய் அடிச்சேன்," என்றார் கடைசியில். "அணி போகல. நான் சூட்சுமமா போனேன்."

நம்புங்கள், முன்வரிசையில் மூன்று பேர் தலையாட்டினார்கள். "அதானே!" என்று ஒருவர் சொல்லவும் செய்தார்.

"அறுபத்திரெண்டுல ரேடியோ கேட்டுக்கிட்டே செத்தேன்னு சொன்னீங்களே. ஐம்பதுல உயிரோட இருந்தவரு எப்படிங்க ஆவியா போனாரு?"

தலையாட்டிய மூன்று பேரும் நடுவில் நிறுத்தினார்கள்.

"சந்தேகப்படறவங்க நடுவுல அருள் நிக்காது!" என்று சாமியார் எழுந்தார். அப்போது கெஸியா பேசினாள்.

"ஐயா, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஊதிட்டுப் போங்க. ரொம்ப வலிக்குது. ஆனா கம்பளியைக் கழட்டிட்டு ஊதுங்க. கை ரெண்டும் மேல இருக்கட்டும்."

"குளிருது," என்றார் வெறுங்காலானந்தா.

"வெறுங்காலு குளிரலையாமா?" என்று ஒரு குரல் கேட்டது. முதல் சிரிப்பு அங்கேதான் எழுந்தது.

ஜெஸிந்தா சிரிக்கவில்லை. அவர் மகளின் தோளிலிருந்து கையை எடுத்தார். நேராக நடந்து போனார். சாமியார் பின்வாங்குவதற்குள் கம்பளியின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்த கை அது, பிடித்ததை விடாது.

சட்டைக்கைக்குள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்த வலிநிவாரண ஸ்ப்ரே டப்பா, தரையில் விழுந்து டங் டங்கென்று உருண்டது. ஜெஸிந்தா அதைக் குனிந்து எடுத்தார். முகர்ந்தார். வீங்கிக் கிடந்த மகளின் காலைப் பார்த்தார். பிறகு அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"என் புள்ள ராத்திரியெல்லாம் அழுதுச்சு. உனக்குத் தெரியும்ல?"

ஆவி வாசல் பக்கம் பார்த்தது.

வெளியே நின்ற சாமியாரின் ஜீப்பை இளைஞர்கள் திறந்தார்கள். ஓடுகிற தண்ணீரில் விட்டதாகச் சொன்ன பூட்ஸ்கள் ஐந்து சாக்குகளில் இருந்தன, அளவு வாரியாகப் பிரித்து, துடைத்து, ஊட்டியில் ஒரு பழைய பொருள் வியாபாரியின் பெயரெழுதிய சீட்டோடு. சுப்பண்ணனின் பழைய பூட்ஸ் மட்டும் தனியாக ஒரு மூலையில் கிடந்தது. அதற்கு சீட்டு இல்லை. அன்று எல்லாவற்றையும்விட அவரை அதிகம் புண்படுத்தியது அதுதான்.

போலீஸ் வந்தது. வெறுங்காலானந்தாவின் பெயர் தினகரன் என்றும், சுற்றுலாப் பயணிகளுக்கு யூகலிப்டஸ் தைலம் விற்றுக்கொண்டிருந்தவர் என்றும், அவருக்குக் கால்பந்து பிடிக்காது என்றும் தெரியவந்தது.

கூடலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கணுக்கால் எலும்பில் விரிசல். அன்றே வந்திருந்தால் சுலபம் என்றார் டாக்டர். மூன்று நாள் தாமதத்தில் வீக்கம் கூடிவிட்டதாம். ஆறு வாரம் மாவுக்கட்டு. கோயம்புத்தூர் தேர்வு போயிற்று. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

வராந்தாவில் ஜெஸிந்தா மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான்தான் கூட்டிட்டுப் போனேன். கால்ல வேற விழுந்தேன்."

"நானும்தானம்மா வலி இல்லைன்னு சொன்னேன்," என்றாள் கெஸியா. தலையை அம்மாவின் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஜெஸிந்தா அவள் தோளில் கையைப் போட்டார். "கையை எடுக்காதம்மா, அப்படியே இரு," என்றாள்.

எக்ஸ்ரே அறை வாசலில் அன்று நீண்ட வரிசை. தோள்பட்டை, முட்டி, இடுப்பு. எல்லாரும் நான்கு ஞாயிறாக ஊதப்பட்டவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த குடும்பநல அறிவிப்பைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் நடுவில் ஒருவர் மெல்லக் குனிந்து நாஜ்னீனிடம் கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி, அவன் போலி, சரி. அப்ப அந்தச் சாபத்தை நிஜமா எடுக்கறவங்க யாராவது இருக்காங்களா?"

எலும்பில் விரிசல் இருந்தால் காட்டிக்கொடுக்க கூடலூரிலேயே இயந்திரம் இருக்கிறது. அதற்கு மேலே, கழுத்துக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் இருப்பதைச் சோதிக்க இன்னும் ஒன்றும் வரவில்லை. அதை அவரவர்தான் அவ்வப்போது பயன்படுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.